மிளகின் தட்டு மாறிய 16 வாரங்கள்: இன்சுலினோமா உள்ள ஃபெரெட்டை இறைச்சிக்குப் பழக்கிய நிகழ்வு ஆய்வு

மிளகு என் வீட்டுப் பெண் ஃபெரெட், கீரிபோல நீண்ட உடம்புள்ள ஒரு வளர்ப்புப் பிராணி. இந்தக் குறிப்பு தொடங்கும்போது அவளுக்கு ஐந்து வயது, எடை 780 கிராம். அவளோடு இருந்த சாம்பல் மூன்று வயது ஆண், 1,350 கிராம். குட்டியாக வந்த நாளிலிருந்து இருவரும் உலர் தீவனம் மட்டுமே தின்று வளர்ந்தவர்கள். மிளகுக்குக் கணையத்தில் இன்சுலினோமா, அதாவது இன்சுலினைச் சுரக்கும் கட்டி. சாம்பலுக்கு இரைப்பையில் புண். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே இருவரையும் இறைச்சிக்கு மாற்றத் தொடங்கினேன்.

அந்த 16 வாரமும் தினசரி எடை, ரத்தச் சர்க்கரை, மலத்தின் நிறம் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய தவறுகள் இரண்டு செய்தேன். ஒன்று மிளகின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. பச்சை இறைச்சி நல்லதா கெட்டதா என்ற வழக்கமான சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. உடம்பு சரியில்லாத ஒரு ஜீவனின் சாப்பாட்டை மாற்றும்போது எவ்வளவு வேகமாகப் போகலாம், எப்போது நிற்க வேண்டும், அதை எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தூக்கம் என்று நினைத்தது

ஃபெரெட் வளர்த்தவர்களுக்குத் தெரியும், இவை தூங்கினால் அடித்துப் போட்டதுபோலத் தூங்கும். கையில் தூக்கினாலும் தலை துவண்டு தொங்கும், கண் திறக்காது. புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே பயந்துபோவார்கள். ஒரு நிமிடம் கையில் வைத்துத் தடவிக் கொடுத்தால் கொட்டாவி விட்டு எழுந்துகொள்ளும். இந்தப் பழக்கம் பழகிப்போனதால்தான் மிளகின் முதல் அறிகுறிகளை ஒரு மாதம் போலத் தவறவிட்டேன்.

எழுந்ததும் ஒரு புள்ளியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். பின்னங்கால்கள் வழுவழுப்பான தரையில் நிற்பதுபோலப் பக்கவாட்டில் விரியும். சாப்பிட்டதும் சரியாகிவிடும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் முன்னங்காலால் வாயைப் பிராண்ட ஆரம்பித்தாள், எச்சில் ஒழுகியது. பல்லில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாயைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. ரத்தச் சர்க்கரை இறங்கும்போது வரும் குமட்டலைத்தான் ஃபெரெட்டுகள் அப்படிக் காட்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை அவளால் எழவே முடியவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது, ஈறு வெளுத்திருந்தது, கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. தொலைபேசியில் டாக்டர் சொன்னபடி, பஞ்சு சுற்றிய குச்சியில் துளி தேன் தொட்டு ஈற்றில் தடவினேன். விரலை விடக் கூடாது, தாடை இறுகினால் விரல் போய்விடும். ஊற்றவும் கூடாது, மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் தலையைத் தூக்கினாள். அந்த இடத்திலேயே நின்றுவிடாமல் உடனே புரதம் உள்ள கூழைக் கொடுக்கச் சொன்னார். வெறும் இனிப்போடு விட்டால், ஏறிய சர்க்கரையைப் பார்த்துக் கட்டி இன்னும் இன்சுலினைக் கொட்டும், முன்பைவிடக் கீழே இறங்கும்.

48

மருத்துவமனையில், அவர்கள் கண் முன்னாலேயே மூன்று மணி நேரம் சாப்பாடில்லாமல் வைத்துப் பார்த்ததில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 48 மில்லிகிராம் வந்தது. நல்ல நிலையில் உள்ள ஃபெரெட்டுக்குச் சுமார் 90-லிருந்து 125 வரை இருக்க வேண்டும். 60-க்குக் கீழே என்றால் இன்சுலினோமாவைத்தான் முதலில் நினைப்பார்கள். சர்க்கரை குறைவு, அந்த நேரத்தில் அறிகுறி, சர்க்கரை ஏறியதும் அறிகுறி மறைவது, மூன்றும் மிளகிடம் இருந்தன. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கட்டியாகி, தேவை இருக்கிறதா என்று பார்க்காமல் சுரந்துகொண்டே இருக்கும் நோய் இது. நடுவயது தாண்டிய ஃபெரெட்டுகளில் அதிகம் காணப்படுகிறது. கட்டிகள் பெரும்பாலும் மிகச் சிறியவை, ஸ்கேனில் தெரியாமலே போகலாம். மிளகுக்கும் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை செய்து கட்டிகளை எடுப்பது ஒரு வழி. ஆனால் இதய ஸ்கேனில் அவளுடைய இதயம் பெருத்திருப்பது தெரிந்தது. மயக்க மருந்து கொடுக்க டாக்டர் துணியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கில், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை தொடங்கினோம். அவள் எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 0.4 மில்லிகிராம். சர்க்கரைப் பாகு கலக்காத திரவமாகத் தயாரித்துத் தந்தார்கள். இந்த மருந்து கல்லீரலைச் சர்க்கரை உண்டாக்கச் சொல்லும், திசுக்கள் சர்க்கரையை இழுப்பதைக் குறைக்கும். கட்டியைத் தொடாது. கட்டி தன் பாட்டுக்கு வளரும். இந்த ஒரு வரியை நான் அப்போதே மனசில் பதித்திருந்தால் ஒன்பதாவது வாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஏன் இறைச்சி

ஃபெரெட் முழு ஊனுண்ணி. ஐரோப்பிய போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து வீட்டுக்கு வந்த இனம், நீர்நாய்க்குச் சொந்தம். அதன் குடல் குட்டை, பெருங்குடல்வாய் கிடையாது. வாயில் போனது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மாவுச்சத்தையும் நாரையும் உடைக்க அதற்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. உலர் தீவனத்தை உருண்டையாகப் பிடிக்க வேண்டுமென்றால் மாவுச்சத்து ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும், அரிசியோ சோளமோ பட்டாணியோ. ஆரோக்கியமான ஃபெரெட் அதைச் சமாளித்துக்கொள்ளும். மிளகின் வயிற்றில் மாவுச்சத்து போய் இறங்கினால் சர்க்கரை சட்டென்று ஏறும், கட்டி அதைவிட வேகமாக இன்சுலினைச் சுரக்கும், அப்புறம் சரிவு. புரதமும் கொழுப்பும் மெதுவாகக் கரையும், மேடு பள்ளம் குறையும்.

உலர் தீவனம்தான் இன்சுலினோமாவை வரவழைக்கிறது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அப்படி ஒரு கருத்து இருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை. அதனால் உலர் தீவனம் கொடுத்து வளர்த்தவர்கள் குற்ற உணர்வில் புழுங்க வேண்டாம். நானும் சில இரவுகள் புழுங்கினேன், அதனால் மிளகுக்கு ஒரு நன்மையும் இல்லை.

டாக்டர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டீராய்டு எடுக்கும் உடம்பில் நோய் எதிர்ப்பு குறைவு, பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர், லிஸ்டீரியா போன்ற கிருமிகள் வரலாம் என்றார். அவர் கவலை நியாயம். பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். முதலில் மருந்தில் சர்க்கரை நிலைக்கட்டும். அதன்பின் எலும்பில்லாத இறைச்சியை லேசாக வேகவைத்துக் கொடுத்துப் பழக்கலாம். பச்சையாகக் கொடுப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, இதயத்துக்கு வேண்டிய டாரின் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். எலும்பில்லாத இறைச்சியில் கால்சியம் போதாது என்பதால் அதற்கான தூளை அவரே எடை போட்டுக் கொடுத்தார். வேகவைத்த எலும்பு மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது, கண்ணாடிபோலச் சிலும்பும்.

மூன்றாவது வாரக் கடைசியில், மருத்துவமனையில் சாப்பாட்டுக்கு முன் எடுத்த ரத்தத்தில் 74 வந்தது. நான்காவது வாரம் தொடங்கினேன்.

பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்பவர்களுக்கு

ஃபெரெட் தன் சாப்பாட்டை மூக்கால் கற்றுக்கொள்கிறது. பிறந்து முதல் சில மாதங்களில் எந்த வாசனையை உணவு என்று அறிந்ததோ அதுதான் ஆயுசுக்கும் உணவு. அதற்குப் பிறகு நல்ல இறைச்சியைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் பொம்மையைப் பார்ப்பதுபோலப் பார்க்கும், காலால் தள்ளிவிட்டுப் போகும். அடம் பிடிக்கிறது என்று தோன்றும். உண்மையில் அதற்கு அது சாப்பாடு என்றே தெரியாது.

அதனால்தான் பலர், பழைய தட்டை எடுத்துவிடு, பசித்தால் வழிக்கு வரும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த ஃபெரெட்டுக்கும் இந்த யோசனை ஆபத்து. நீண்ட பட்டினியில் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும். இன்சுலினோமா உள்ளதற்கு நான்கு மணி நேரம் வெறும் வயிறே வலிப்பு வரை கொண்டுபோகலாம். இந்த யோசனையைக் கேட்டு யாராவது ஒரு நோயாளி ஃபெரெட்டைப் பட்டினி போடுவதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. புதிய உணவு வயிற்றில் நிலைக்கும் வரை பழைய உணவு வீட்டைவிட்டுப் போகக் கூடாது.

நான் செய்தது இது. கோழி நெஞ்சு, தொடை, இதயம் மூன்றையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு மிக்ஸியில் கஞ்சிப் பதத்துக்கு அரைத்தேன். மேலே பழைய உலர் தீவனத்தைப் பொடித்துத் தூவினேன், மூக்கு ஏமாற வேண்டும் என்பதற்காக. கை பொறுக்கும் சூடு, அதற்கு மேல் வேண்டாம். ஆறிப்போனால் வாசனை எழாது, மிளகு திரும்பிப் பார்க்க மாட்டாள். விரல் நுனியில் தொட்டு அவள் உதட்டில் பூசுவேன். நக்கித்தான் ஆக வேண்டும். முதல் நாள் எட்டு வேளையிலும் சேர்த்து அவள் உள்ளே போனது மொத்தம் 9 கிராம். மீதி வயிற்றுக்கு ஊறவைத்த பழைய தீவனம்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை, இரவு 2 மணி உட்பட. அந்த இரண்டு மணி வேளைதான் கடினம். இருட்டில் துவண்டு கிடப்பவள் தூங்குகிறாளா, சர்க்கரை இறங்கிக் கிடக்கிறாளா என்று தெரியாது. கொஞ்ச நாளில் ஒரு வழி பிடிபட்டது. சூடான கஞ்சியை மூக்குக்குக் கீழே காட்டுவேன். கண் மூடியிருந்தாலும் மூக்கு அசைந்தால் தூக்கம். மூக்கும் அசையவில்லை, உடம்பும் சில்லிட்டிருக்கிறது, ஈறும் வெளுத்திருக்கிறது என்றால் தேன் குச்சியைக் கையில் எடு.

எட்டாவது நாள் தானே கிண்ணத்தில் வாய் வைத்தாள். அன்றைக்கு 31 கிராம். நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். பொடியைத் தினமும் ஒரு சிட்டிகை குறைத்தேன். ஆறாவது வாரக் கடைசியில் பகல் வேளைகள் எல்லாம் இறைச்சிக் கஞ்சி, நாளுக்கு 60-லிருந்து 70 கிராம். இரவு கிண்ணத்தில் மட்டும் பழைய தீவனம்.

எடை தினமும் ஒரே நேரத்தில், சமையல் தராசில். ஒரே நாளில் 20 கிராமுக்கு மேல் குறைந்தால் அன்றைக்கு மாற்றம் நிறுத்தம், முந்தின வாரத்து உணவுக்குத் திரும்புதல். இந்த விதியை நான்கு முறை பயன்படுத்தினேன். ஃபெரெட்டுகள் குளிர்காலத்துக்குக் கனத்து, கோடைக்கு இளைக்கும், 30 சதவீதம் வரைகூட. அதனால் மாதக் கணக்கில் எடையைப் பார்க்கும்போது பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் குறைவது பருவத்தால் வருவதில்லை.

சாம்பலும் கசப்பும்

இனி என் முதல் தவறு. சாம்பல் கொஞ்ச நாளாகவே பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். ஃபெரெட் பல்லைக் கடித்தால் பெரும்பாலும் வயிற்று வலி, குமட்டல். ஒரு நாள் மலம் தார்போலக் கறுப்பாக வந்தது. அது இரைப்பையில் கசியும் ரத்தம், குடல் வழியே வரும்போது கறுத்துவிடுகிறது. ஹெலிகோபாக்டர் மஸ்டெலே என்ற கிருமி பெரும்பாலான ஃபெரெட்டுகளின் இரைப்பையில் குடியிருக்கிறது. மனக்கலக்கமோ வேறு நோயோ வந்தால் தலைதூக்கிப் புண்ணாக்கும். அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், கூடவே வயிற்றுக்குக் காப்பாக ஒரு மருந்து என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாம்பலின் உணவை இப்போது தொடாதே, மருந்து முடியட்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். மிளகுக்கு வேளை தவறாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவனுக்கு, அதே பாத்திரத்தில் இவனுக்கும் இரண்டு கரண்டி ஊற்றினால் என்ன என்று தோன்றியது. ஊற்றினேன். ஆச்சரியம், அவன் மூன்றாம் நாளே ஆசையாக நக்கினான். அந்த உற்சாகத்தில் மெட்ரோனிடசோலையும் அதே கஞ்சியில் கலந்துவிட்டேன்.

மெட்ரோனிடசோல் நாக்கில் பட்டாலே பிடரி சிலிர்க்கும் கசப்பு. ஒரு வாய் நக்கினான், நுரை தள்ளினான், தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டே பின்வாங்கினான். அதோடு சரி. மருந்து கலக்காத கஞ்சியையும் தொடவில்லை. கோழி வாசனை வந்தாலே அறையைவிட்டு வெளியே போனான். 19 நாள். மூக்கால் உணவைக் கற்றுக்கொள்ளும் பிராணி, மூக்கால்தான் பகையையும் கற்றுக்கொள்கிறது. கோழியைக் கைவிட்டு முயல் இறைச்சியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று, அதுவும் மருந்தெல்லாம் முடிந்த பிறகு.

மருந்தும் புதிய உணவும் ஒரே கிண்ணத்தில் சேரவே கூடாது. மருந்துக்கு வேறு அறை, வேறு துண்டு, வேறு நேரம். ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாகக் கொடுத்துவிட்டு, உடனே அவனுக்கு ஏற்கெனவே பிடித்த வேறொன்றைத் துளி கொடு. அந்தத் துளியும் நாளைய சாப்பாடாக இருக்கக் கூடாது.

மலத்தட்டு

இந்த 16 வாரத்தில் நான் அதிகம் உற்றுப் பார்த்தது மலத்தட்டைத்தான். உணவு நான்கு மணி நேரத்தில் வெளியே வருவதால் காலையில் செய்த மாற்றத்துக்கு மதியமே பதில் கிடைக்கும். உணவு மாறிய முதல் நாட்களில் பச்சையாகச் சளிபோல வருவது வழக்கம், குடல் அவசரப்படுகிறது. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும். மணல் மணலாக, விதை தூவியதுபோல வந்தால் உணவு சரியாகச் செரிக்கவில்லை. மிளகுக்குக் கொழுப்பைக் கூட்டிய வாரம் அப்படி வந்தது, குறைத்ததும் நின்றது. வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகம். கறுப்பாகத் தார்போல வந்தால் யோசிக்காதே, டாக்டரைக் கூப்பிடு. ஸ்டீராய்டும் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் மிளகின் தட்டிலும் அந்தக் கறுப்பைத் தேடிக்கொண்டே இருந்தேன். நல்ல வேளை, வரவில்லை. இறைச்சி நிலைத்த பிறகு மலத்தின் அளவு பாதியாகக் குறைந்தது, நாற்றமும் போனது. மலம் குறைந்ததே என்று முதலில் பயந்தேன். செரிக்காமல் வெளியே வர அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாவது வாரம்

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

ஏழாவது, எட்டாவது வாரங்களில் மிளகு பழைய மிளகாகிவிட்டாள். முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளினாள், சாம்பலின் கழுத்தைக் கவ்வி இழுத்தாள். வீட்டில் வைத்திருந்த சர்க்கரைக் கருவியில் பாதத்தில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பேன், 82, 85 என்று வரும். மனிதருக்கான கருவி ஃபெரெட் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும் என்று படித்திருந்தேன். அப்படியென்றால் உண்மை அளவு இன்னும் அதிகம், இறைச்சியே வேலையைச் செய்கிறது, மருந்து இனி எதற்கு இவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டேன். டாக்டரைக் கேட்கவில்லை. மாலை வேளை மருந்தைப் பாதியாக்கினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை 5 மணிக்குக் கூண்டு அதிரும் சத்தம். வலிப்பு. கால்கள் துடுப்புப்போல அடித்தன, கழுத்து பின்னால் வளைந்திருந்தது, ஒரு கீச்சுக் குரல் எழுந்துகொண்டே இருந்தது. ஈற்றில் தேனைத் தடவிக்கொண்டே அவசரச் சிகிச்சைக்கு ஓடினேன். அங்கே எடுத்ததில் 31. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள். அன்று முழுக்க அங்கேதான் இருந்தாள்.

என் கணக்கு எங்கே தவறியது என்பதை டாக்டர்தான் காட்டினார். என் நோட்டில் ரத்தம் எடுத்த நேரமும் இருந்தது. எல்லாமே சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தவை. சாப்பிட்டதும் யாருக்கும் ஏறத்தான் செய்யும். தெரிய வேண்டியது அடுத்த வேளைக்குச் சற்று முன்னால், பள்ளத்தில், எவ்வளவு என்பது. அந்த எண் என்னிடம் ஒன்றுகூட இல்லை. இறைச்சி மேட்டையும் பள்ளத்தையும் சமப்படுத்தியிருந்தது உண்மை. பள்ளத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது மருந்து. மேலும், பல வாரம் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் சொந்த அட்ரினல் சுரப்பி சோம்பிப்போயிருக்கும், அளவைத் திடீரென்று வெட்டினால் அதுவே தனி ஆபத்து.

வீட்டுக் கருவி மோசமில்லை. ஒரே கருவி, ஒரே நேரம், சாப்பாட்டுக்கு முன், எண்ணைவிடப் போக்கைப் பார்ப்பது என்ற ஒழுங்கோடு பயன்படுத்தினால் உதவும். அந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. மருந்து கிலோவுக்கு 1 மில்லிகிராமாக, அதாவது வேளைக்குச் சுமார் 0.8 மில்லிகிராமாக உயர்ந்தது. உணவு மாற்றத்தை இரண்டு வாரம் அப்படியே நிறுத்தி வைத்தோம்.

பச்சையாகக் கொடுத்தது

பதினோராவது வாரத்துக்கு மேல்தான் பச்சை இறைச்சி. அப்போதும் மிளகுக்குக் கடைசி வரை அரைத்ததுதான், அவள் கோரைப் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. பொதுவாகச் சொல்லப்படும் அளவு, தசை 80 பங்கு, எலும்பு 10, உள்ளுறுப்பு 10, அதில் பாதி ஈரல். இதயம் தசைக் கணக்கில் வரும். ஈரலை ஆசைப்பட்டுக் கூட்டினால் வைட்டமின் ஏ மிஞ்சும். கால்சியம் பாஸ்பரசைவிடச் சற்றே அதிகமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் எலும்பு. எலும்பில்லாத சதையை மட்டும் மாதக்கணக்கில் கொடுப்பது உலர் தீவனத்தைவிட மோசம் என்பது என் எண்ணம்.

சாம்பலுக்கு முயல் சதையைக் கஞ்சியிலிருந்து கொத்தலுக்கு, கொத்தலிலிருந்து துண்டுக்கு என்று கொண்டுபோனேன். துண்டு அவன் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், சிறியது என்றால் மெல்லாமல் விழுங்கி அடைத்துக்கொள்வான்.

எதிர்பாராத தலைவலி ஒன்று வந்தது. ஃபெரெட்டுகள் சாப்பாட்டை ஒளித்து வைக்கும். உலர் தீவனம் என்றால் சோபாவுக்குக் கீழே நாலு உருண்டை, பெருக்கி எடுத்துவிடலாம். முயல் தொடைத் துண்டு துணி அலமாரிக்குப் பின்னால் போனால்? மூன்று நாள் கழித்து மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து பச்சை இறைச்சி மூடியுள்ள பெட்டிக்குள்தான், அரை மணி நேரம், மீதி குப்பைக்கு. ஸ்டீராய்டு எடுக்கும் மிளகு அந்தப் பதுக்கலைக் கண்டுபிடித்துத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

குளிர்பதனப் பெட்டியில் உறைய வைப்பது பாக்டீரியாவைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். வைரசையும் நம்பிக்கையாக அழிக்காது. ஃபெரெட்டுக்கு இது முக்கியம், ஏனென்றால் நம்முடைய ஃப்ளூ அப்படியே இவற்றுக்கும் வரும். 1933-இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் மனித இன்ஃப்ளூயன்சா வைரசைப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளின் துணையால்தான். பறவைக் காய்ச்சலான எச்5என்1-ம் இவற்றை எளிதில் பற்றும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், பச்சை இறைச்சி உணவு தின்ற வீட்டுப் பூனை ஒன்று எச்5என்1 தாக்கி இறந்தது. பறவைக் காய்ச்சல் செய்தி வரும் காலங்களில் நான் கோழி வகைகளை முழுக்க வேகவைத்துத்தான் கொடுக்கிறேன், எலும்பை எடுத்துவிட்டு, கால்சியம் தூளோடு. பச்சைப் பன்றி இறைச்சி எந்தக் காலத்திலும் இல்லை, அதில் வரக்கூடிய ஆஜெஸ்கி நோய் ஊனுண்ணிகளைக் கொல்லும். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் வேகவைத்த உணவோடு நின்றுவிடுவது நல்லது. மிளகுக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி வேகவைத்த கஞ்சியிலேயே கிடைத்துவிட்டது.

16-ஆவது வாரமும் அதன் பிறகும்

மிளகின் எடை 835 கிராம். சாப்பாட்டுக்கு முன், மருத்துவமனையில் எடுத்த சர்க்கரை 71. வலிப்பு மறுபடி வரவில்லை. பின்னங்கால் தள்ளாட்டம் வாரத்துக்கு ஐந்தாறு முறை என்றிருந்தது, கடைசி நான்கு வாரத்தில் மொத்தமே இரண்டு முறை. இதில் எவ்வளவு மருந்தின் கூடிய அளவால், எவ்வளவு உணவால், எவ்வளவு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்டியதால் என்று பிரிக்க முடியாது. ஸ்டீராய்டு பசியைத் தூண்டி எடையைக் கூட்டும், அதையும் சொல்ல வேண்டும். சாம்பல் 1,480 கிராம். பல் கடிப்பது நின்றது, கறுப்பு மலம் மறுபடி வரவில்லை. அந்தப் பெருமை ஆன்டிபயாட்டிக்குக்கு உரியது. மலம் கெட்டியானதில் மட்டும் உணவுக்குப் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவது மாதத்தில் மிளகின் சர்க்கரை மறுபடி இறங்க ஆரம்பித்தது. இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடும் சேர்ந்தது. கட்டி வளர்ந்துகொண்டேதான் இருந்தது. நோய் கண்ட 13-ஆவது மாதம் அவள் இதயம் தளர்ந்தது. கடைசி வாரம் இறைச்சிக் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூடு பண்ணினேன், உதட்டில் பூசினேன், முயலுக்கு மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு, அவள் குட்டியில் தின்ற அதே உலர் தீவனத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து, வெந்நீரில் ஊறவைத்து மூக்குக்குக் கீழே காட்டினேன். மூக்கு அசைந்தது. ஏழு உருண்டை சாப்பிட்டாள். அடுத்த நான்கு நாளும் அதையேதான் கொடுத்தேன்.